துரு, நடுத்தரம்

ஞாயிறு காலை ஐந்தரை.
சிகாகோவில் வெளிச்சம் இன்னும் முகம் கழுவி முடிக்கவில்லை.
லசால் தெருவின் நடுக்கோட்டில்
முக்காலியை விரிக்கிறேன்.
பேருந்து வராது. வந்தால் ஓடுவேன்.

வாரத்தில் ஐந்து நாள்
இந்தக் கட்டடங்களின் தொண்டைக்குள் இறங்குகிறவன் நான்,
லிஃப்ட் ஆய்வாளன்.
கம்பிவடம், கப்பி, பிரேக், கதவின் இடுக்கு
எல்லாம் பார்த்துக் கையெழுத்திடுவேன்.
ஆறாம் நாள் தூக்கம்.
ஏழாம் நாள் வெளியே நின்று
அவற்றின் முகத்தைப் பார்க்கிறேன்,
வயிற்றை மட்டுமே அறிந்த வைத்தியன்
நோயாளியைக் கடைத்தெருவில் கண்டதுபோல.

"இங்கே படமெடுக்கக் கூடாது."
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு காவலாளி வந்தார்.
"உங்கள் நான்காவது லிஃப்ட்டில்
என் பெயர் ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள்."
போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.
"காசிமிர் நோவிட்ஸ்கி. சரி.
ஆனாலும் எடுக்கக் கூடாது."

எடுத்ததெல்லாம் சாய்ந்தே விழுந்தது.
அண்ணாந்த கேமராவுக்கு எந்தக் கோபுரமும்
மல்லாக்க விழப்போகிற குடிகாரன்தான்.
நிமிர்த்தி வைக்கும் லென்ஸ் ஒன்று உண்டு;
விலை என் பழைய காரின் விலை.
காரை விற்கவில்லை.
அதில்தான் அரிசோனா போகவேண்டும்.

*

டெல்ரீனா பெனாலியின் ஜீப் மணலில் நீந்திப் போனது.
நவஹோ நிலம். அவள் குடும்பத்து ஆடுகள் மேய்கிற வெளி.
பாறையில் ஒரு பிளவு,
தோளைச் சாய்த்தால்தான் வழிவிடும்.
உள்ளே போனதும் வானம் ஒரு நூல்.
"பதினொன்று இருபதுக்கு வெளிச்சம் இறங்கும்,
ஏழு நிமிடம் நிற்கும்" என்றாள்,
ரயில் நேரம் சொல்வதுபோல.

கூட வந்தவர்கள் கேட்டார்கள்:
ஒரு கை மணல் அள்ளி வீச முடியுமா?
தூசியில்தான் ஒளித்தூண் படத்தில் விழுமாம்.
வீசினாள். நின்றது தூண்.
எட்டு கேமராக்கள் ஒன்றாகக் கண்சிமிட்டின.
எட்டிலும் ஒரே படம்.
ஒன்பதாவது என்னுடையது, மங்கல்.
லென்ஸில் மணல்.

துடைத்தபடி அண்ணாந்தேன்.
இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே
செருகிக் கிடந்தது ஒரு மரத்தண்டு,
பட்டை உரிந்து, எலும்பாய் வெளுத்து.
தொழில் பழக்கம், மாடி எண்ணினேன்.
மூன்றாவது மாடி.

"யார் அதை அங்கே வைத்தது?"

"தண்ணீர். போன ஆகஸ்ட்.
இங்கே பெய்யவில்லை.
நாற்பது மைல் தள்ளிப் பெய்தது.
இங்கே நல்ல வெயில்."

சுவரைத் தடவினேன். வரிவரியாய்,
வடம் உராய்ந்த தடம்போல.
எதுவோ ஓயாமல் போய்வந்திருக்கிறது.
ஆய்வுச் சான்றிதழ் எங்கும் ஒட்டப்படவில்லை.
வெளிச்சம் இறங்கி வந்து
தரையைத் தொட்டு
ஒருவரையும் ஏற்றிக்கொள்ளாமல் மேலே போயிற்று.

மரத்தண்டைப் பதினோரு தடவை எடுத்தேன்.
ஒன்றிலும் உயரம் விழவில்லை,
வெறும் குச்சி.
டெல்ரீனா எட்டிப் பார்த்தாள்.
"நான் இங்கே படமே எடுப்பதில்லை.
என் போன் முழுக்க ஆடுகள்தான்."

*

திரும்பி வந்த செவ்வாய்க்கிழமை
மன்ரோ தெருவில் பழைய கட்டடம் ஒன்று.
பெட்டியைப் பதினெட்டாம் மாடியில் நிறுத்திவிட்டு
அடிக்குழிக்குள் இறங்கினேன்.
எண்ணெய்க் கசடு, சாக்லேட் காகிதம்,
யாரோ தொலைத்த ஒற்றைக் காதணி.
தண்டவாளத்தில் துரு.
அறிக்கைக்காகக் கைபேசியை மேலே நீட்டி,
பார்க்காமலே ஒரு சொடுக்கு.

மதியம் ரொட்டி தின்றபோதுதான் பார்த்தேன்.
எந்த மாடியிலோ கதவு சரியாக மூடவில்லை போலும்.
ஒரு கீற்று
செங்கல்மேல் சாய்ந்து சாய்ந்து இறங்கியிருந்தது,
யாரும் மணல் வீசாமலே.
வடங்கள் அதில் நனைந்து நின்றன.
கோடு ஒன்றுகூடச் சாயவில்லை.
உயரம் இருந்தது,
கழுத்து வலிக்கிற அளவு.

அந்தப் படம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது:
'தண்டவாளத் துரு, நடுத்தரம்.
பன்னிரண்டாம் மாடிக் கதவில் இடைவெளி.
உடனே சரிசெய்யவும்.'

கீழே என் கையெழுத்து.

சரிசெய்துவிட்டார்கள்.